ஓசி மார்க்

தனக்கு மார்க் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போன ஒரே ஆளை நான் திண்டுக்கல்லில்தான் பார்த்தேன். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "ஒன்னய யாருடி எழுதச் சொன்னது?" என்று போன் வரும். அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஆசைதான். இருந்தாலும் வேண்டாம்.

நாங்கள் இருவரும் பிளஸ் டூ முடித்து, முதல் தடவை நீட் எழுதிக் கோட்டை விட்டு, மறுபடி எழுதுவதற்காக ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தவர்கள். ரிப்பீட்டர் பேட்ச் என்று எங்களுக்குப் பெயர். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகத்தோடு ஒரு வருஷம் முழுக்க இருந்தோம். சென்டர் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டைப் பாறையில் பட்ட வெயில் அப்படியே உள்ளே வரும். மூடினால் கீழிருந்து ஏறிவந்த டயர் நாற்றம் வெளியே போகாது. நான் எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் பேகம்பூரிலிருந்து சைக்கிளில் வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு. நிஜப் பரிட்சைக்கு உள்ளதுபோலவே கேள்வித்தாள், வட்டங்களைக் கருப்பாக்கும் விடைத்தாள், அதே நேரக் கணக்கு. சரியான விடைக்கு நான்கு மார்க். தப்பாகப் போட்டால் ஒன்று கழியும். போடாமல் விட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. சாயங்காலம் மார்க் பட்டியல் எல்லாப் பெற்றோரின் போனுக்கும் போய்விடும். அன்றைக்கு வீட்டில் சோற்றை அன்பாகப் போடுவார்களா, தட்டில் எறிவார்களா என்பது அந்தப் பட்டியலைப் பொறுத்தது.

சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டியல் போன கையோடு அவள் சாரின் அறைக்குள் நுழைந்தாள். சார் என்று நாங்கள் சொன்னால் அவர் ஒருவர்தான். சென்டருக்குச் சொந்தக்காரர், இயற்பியல் எடுப்பவர், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுபவர். ஃபீஸ் ரசீதுக்காக நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"சார், இதுல நாலஞ்சு கேள்வி நான் குத்துமதிப்பாப் போட்டது. சரியா விழுந்துருச்சு. அந்த மார்க்கைக் கழிச்சுருங்க சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்ற?"

"அது ஓசி மார்க் சார். தெரிஞ்சு போட்டது இல்ல."

"இங்க வர்றவய்ங்க பூராம் மார்க்கைக் கூட்டுங்க சார்னுதான் வருவாய்ங்க. நீ என்னம்மா தலைகீழா வர்ற?"

"இல்ல சார். நெசப் பரிட்சைல இந்த ஓசி வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்? எங்க அத்தா இந்த மார்க்கைப் பாத்துட்டு நம்பிக்கிட்டு இருப்பாரு."

மெஷின் திருத்தியதை மாற்ற முடியாது என்று சார் அவளை அனுப்பிவிட்டார். சரி, மெஷின் கழிக்காவிட்டால் நானே கழித்துக்கொள்கிறேன் என்று அவள் முடிவுசெய்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து, தெரியாத கேள்விக்கு வட்டமே போடுவதில்லை. விடைத்தாளில் வரிசை வரிசையாக வெள்ளையாக விட்டுவிட்டு வருவாள். அவள் மார்க் மளமளவென்று இறங்கியது.

சாருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வகுப்பில் அவளுக்காகவே போர்டில் ஒரு கணக்குப் போட்டார். தெரியாத கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும், மொத்தத்தில் நஷ்டம் வராது, கொஞ்சம் லாபமே வரும் என்று காட்டினார். நிச்சயமாகத் தப்பென்று தெரிகிற இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் இன்னும் லாபம். அவள் அந்தக் கணக்கை அழகாகத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"புரிஞ்சுச்சாம்மா?"

"புரிஞ்சுச்சு சார். கணக்கு சரிதான்."

"அப்ப இனிமே விடாமப் போடுவில்ல?"

"ஊசி போடுறப்பயும் ரெண்டைத் தள்ளிட்டு ஒண்ணைப் போடலாமா சார்?"

வகுப்பே சிரித்தது. சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். பதிலுக்காக நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு நேரத்தில் எனக்கு எப்போதும் அவளுக்குக் கோணலாகப் பின் பெஞ்சு. அவள் முகத்தின் ஒரு பக்கம் தெரியும். விடை தெரிந்த கேள்வி என்றால் உதடு லேசாக அசையும். பிஸ்மில்லா சொல்கிறாள். சொல்லிவிட்டு வட்டத்தைக் கருப்பாக்குவாள். உதடு அசையவில்லை என்றால் பேனா தாளில் இறங்காது, அடுத்த கேள்விக்குப் போய்விடும். "ஒவ்வொண்ணுக்குமாடி சொல்லுவ?" என்று கேட்டேன். "பின்ன? மொத்தமா ஒரு தடவை சொன்னா, தெரியாததுக்கும் சேத்துச் சொன்ன மாதிரி ஆயிராது?" என்றாள். நானெல்லாம் எங்கள் ஊர்க் காளியம்மனை முதல் கேள்விக்கு முன்னால் ஒரே தடவை கும்பிட்டுவிட்டு, மீதியை அவள் பொறுப்பில் விட்டுவிடுகிற ஆள்.

இதனால் அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. தேர்வு முடிந்து படியிறங்கும்போதே தன் மார்க்கைச் சொல்லிவிடுவாள். சாயங்காலம் வருகிற பட்டியலில் அதே மார்க் இருக்கும். மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். நாங்களெல்லாம் பட்டியல் வருகிறவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். அவள் நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்து, "இந்தா, கறி வெஞ்சனம், தொட்டுக்க" என்று என் பக்கம் தள்ளுவாள்.

அவள் அத்தா தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். வந்து குவிகிற ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கத்திக்கீறல் உள்ளது, ஓட்டை உள்ளது, நல்லது என்று தனித்தனியே போட வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் அவளுடைய ஃபீஸ் கட்டியிருந்தார். அவள் தங்கை அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். அதனால் அவளுக்கு இதுதான் கடைசித் தடவை. தனியார் கல்லூரி என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் டாக்டர், கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு டிகிரி, அவ்வளவுதான். இதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் ஊறுகாயை எடுத்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் பூஜ்யம் வந்தது.

நடந்தது இதுதான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தாளையே சனிக்கிழமை சாயங்கால பேட்ச்சுக்கும் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து யாரோ போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அன்று ராத்திரி ரிப்பீட்டர் பேட்ச் மொத்தமும் படித்த படிப்பை என்னவென்று சொல்வது! மறுநாள் நான் எடுத்த மார்க் நான் ஜென்மத்தில் எடுக்காதது. அவள் போனிலும் அந்தப் போட்டோ வந்திருக்கிறது. திறந்து பார்த்தபிறகுதான் என்னவென்று தெரிந்திருக்கிறது. தேர்வு தொடங்கிக் கேள்வித்தாளைப் பார்த்தாள். உதடு அசையவே இல்லை. மணி அடிக்கிறவரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எரியோட்டில் எங்கள் அப்பாவுக்கு என் மார்க் போனபோது அவர் டீக்கடையில் இருந்தார். முருங்கைக்காய் விவசாயி. காய் விலை ஏறினால்கூட வாயைத் திறக்காத மனிதர், என் மார்க்கைப் பார்த்ததும் கடையில் இருந்த அம்புட்டுப் பேருக்கும் டீயும் வடையும் சொல்லிவிட்டார். "எம் மவ டாக்டர் ஆயிட்டாய்யா. இனிமே பரிட்சைங்கறது சும்மா பேருக்கு" என்றாராம். மறுநாள் காலை பஸ் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கொடுத்துவிட்டு, "டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரிக்கு மொழங்கால் வலிக்குது" என்றார்.

அதே காலையில் அவள் அத்தா சென்டருக்கு வந்திருந்தார். பூஜ்யம் என்று போனில் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டில் தூங்கவில்லையாம். மகளிடம் கேட்டதற்கு, "சார்கிட்டக் கேளுங்கத்தா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். யாரையும் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"என்னங்க சார், புள்ள ஒண்ணுமே எழுதலையா? ஒடம்புக்கு எதும் முடியலையா?" என்று கேட்டார் அவர்.

சார் அவளைக் கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டினார். அப்போதுதான் அவள் சொன்னாள், "கேள்வியை முன்னாடியே பாத்துட்டேன் சார்." பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குமேல் சாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் மார்க்கைப் பார்த்து அவருக்கே ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்திருக்கும்.

அவள் அத்தா மகளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தோல்ல ஓட்டை இருந்தா இங்க ஓட்டை இருக்குன்னு சொல்லித்தான் சார் நாங்க குடுப்போம். இது அதையே இங்கயும் வந்து பண்ணிருக்கு" என்றார். மகள் தலையில் கைவைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அந்தத் தேர்வு ரத்தாகிவிட்டது. பேட்ச் முழுக்க அவள்மேல் கடுப்பில் இருந்தது. ஒரு வாரம் யாரும் அவளிடம் பேசவில்லை. எனக்கும் கோபம்தான், ஆனால் கறி வெஞ்சனத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லாததால் இரண்டாம் நாளே சமாதானமாகிவிட்டேன். ரத்தான செய்தியை அப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் கெடையாது. வந்த மார்க்கு வந்ததுதான்" என்று சொல்லிவிட்டார். டீக்கும் வடைக்கும் ஒரு ஊரே சாட்சியாகிவிட்டது, அதை எப்படி ரத்து செய்வது?

நிஜப் பரிட்சை மே மாதத்தில் வந்தது. எனக்கும் அவளுக்கும் ஊருக்கு வெளியே ஒரே பள்ளிக்கூடம்தான் விழுந்தது, ஆனால் வேறு வேறு அறை. காதில் கிடந்ததைக் கழற்றி அப்பாக்களிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். உள்ளே போய் உட்கார்ந்தபோது எனக்கு முன்னால் அவள் முகத்தின் ஒரு பக்கம் இல்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மாதிரித் தேர்வில் பார்த்துப் பார்த்துப் பழகிய கேள்விகள் ஒன்றுகூட அதே வேஷத்தில் வரவில்லை. காளியம்மன் அன்றைக்கு வேறு ஜோலியாகப் போய்விட்டாள்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் என் அப்பாவும் அவள் அத்தாவும் ஒரே நன்னாரி சர்பத் வண்டியருகே நின்றுகொண்டிருந்தார்கள். அவள் வந்ததும் அத்தா கேட்டார். "எம்புட்டும்மா வரும்?"

கேட்டால் உடனே சொல்கிறவள். அன்றைக்குச் சர்பத் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"தெரியலத்தா."

அந்த வருஷம் முழுக்க அவள் வாயிலிருந்து வராத சொல் அது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பகீரென்றது.

ரிசல்ட் வந்த அன்று சென்டரில் இழவு வீடுபோல் இருந்தது. மாதிரித் தேர்வுகளில் கொடிகட்டிப் பறந்தவர்களெல்லாம் தொப்பென்று விழுந்திருந்தார்கள். நான் வழக்கமாக எடுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றேன். மார்க் ஏறியிருந்தது அவள் ஒருத்திக்குத்தான். ஏறியதும் கொஞ்சம்தான். ஆனால் அரசுக் கல்லூரிக் கதவின் நிலையைத் தலை இடிக்காமல் தாண்டுவதற்குச் சரியாக இருந்தது.

சார் அவள் படத்தைப் பெரிய ஃபிளக்ஸாக அடித்து டயர் கடைக்கு மேலே கட்டினார். அடுத்த பேட்ச்சுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்து, அவளைப் பேசச் சொன்னார். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள், "எனக்கு வந்ததுல கொஞ்சம் ஓசி மார்க். அதைக் கழிச்சா எனக்கு சீட்டு இல்ல" என்றாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் கைதட்டினார்கள். சார் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சால்வையைப் போர்த்திவிட்டார்கள்.

மாடிப்படியில் என்னிடம்தான் சொன்னாள். பரிட்சை முடியப் போகிற நேரம். அவள் அறை மேல்மாடி. ஜன்னல் வழியாக ரோடு தெரிந்திருக்கிறது. மற்ற பெற்றோர்களெல்லாம் நிழலில் ஒதுங்கியிருக்க, அவள் அத்தா மட்டும் காம்பவுண்டு சுவரை ஒட்டி, வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டடத்தையே பார்த்தபடி நின்றிருக்கிறார்.

"அந்தாளு அப்டி நிக்கிறதைப் பாத்துட்டு என்னால வெள்ளையா விட முடியலடி. விட்டது அம்புட்டையும் போட்டேன்."

"நல்லதுதான்டி பண்ணிருக்க. கணக்குப்படி லாபம்னு சாரே சொன்னாருல்ல? ஊரே அப்டித்தான் போடுது."

"பிஸ்மில்லா சொல்லாமப் போட்டேன்டி" என்றாள். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக அழுத ஒரே பெண்ணும் அவளாகத்தான் இருப்பாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இடம் கிடைக்காத துக்கம்கூட மறந்துபோயிருந்தது.

அவள் வேறு மாவட்டத்துக்குப் படிக்கப் போனாள். கொஞ்ச காலம் போனில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவளுக்குப் படிப்பு, எனக்குக் கல்யாணம் என்று விட்டுப்போயிற்று. நான் பார்மசி படித்து, இப்போது பாலசமுத்திரத்தில் வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். எரியோட்டுக்குப் போனால் இன்னமும் நான் டாக்டரம்மாதான். டீயும் வடையும் சும்மாவா?

போன பங்குனியில் அப்பா வந்து எங்களோடு தங்கினார். கணுக்காலுக்கு மேலே ஒரு தடிப்பு, ஆறாமல் பரவிக்கொண்டே போயிற்று. என் கடை ஆயின்மென்ட் இரண்டு போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு கிளினிக்கில், பார்த்தவுடனேயே இது இன்னதுதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் வேறொன்று சொன்னார்கள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

மேஜைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் ஒரு கணம் கண் விரிந்தது. சுற்றிலும் நோயாளிகள் நின்றதால் எழுந்து வரவில்லை, மேஜைக்கடியில் என் காலை ஒரு மிதி மிதித்தாள். பிறகு அப்பாவின் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அழுத்தினாள், கேட்டாள், மறுபடி பார்த்தாள். அவள் உதட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"என்னம்மா, என்ன வியாதி?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியலங்கப்பா. செத்த நேரம் இருங்க, கேட்டுட்டு வாரேன்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "ஏனுங்க, டாக்டரம்மாவுக்கே தெரியலைங்களாமா?" என்று ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வராந்தாவில் அவள் யாரோ தோல் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. உள்ளே வந்து காலைப் போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். வரிசை நீண்டது. அவளுக்கு அதைப்பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நான் மெதுவாகக் கேட்டேன். "இன்னும் நீ அப்டியேதான் இருக்கியா?"

"அன்னிக்குப் போட்டேன்ல, அதோட சரி" என்றாள்.

பிறகு மருந்துச் சீட்டை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தாள். உதடு லேசாக அசைந்தது. எழுதினாள். இன்னொரு மருந்து, மறுபடி உதடு அசைந்தது. எனக்கு எதிரே இருந்தது மருத்துவமனைச் சுவர்தான். ஆனால் டயர் நாற்றம் அடித்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "தெரியலன்னு அதுவே சொல்லுதேம்மா. பழனிக்குப் போயி வேற ஒரு நல்ல டாக்டரைப் பாத்துருவமா?"

"வேண்டாம்ப்பா" என்றேன். "உதடு அசைஞ்சுச்சு. வாங்க, மருந்து வாங்குவோம்."